ஒரே ரேகை: கிருமிக்கு வந்த பெட்டி

தம்பியின் குளங்களில் இறால்கள் செத்து ஒதுங்கிய பிறகு, அந்த வீட்டில் அண்ணன் தம்பி பேச்சு “உப்பு போதுமா?” என்பதோடு நின்றுபோனது. குஞ்சு பொரித்துக் கொடுத்தவர் அண்ணன். வாங்கி வளர்த்தவன் தம்பி. குஞ்சிலேயே நோய் இருந்தது என்று இவன் சொல்ல, உன் தண்ணீரைப் போய்ப் பார் என்று அவர் சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்டவள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அவளுக்கு வீட்டில் பெயர் கிருமி. நீர்வாழ் உயிரிப் பரிசோதனைக் கூடத்தில் பாக்டீரியாக்களோடு வேலை என்று தெரிந்த அன்றைக்கே தம்பி வைத்த பட்டம். அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அண்ணி கூட “கிருமி, சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பாள். நல்ல பெயர் அலுவலக அடையாள அட்டையில் மட்டும் மிச்சமிருந்தது.

அண்ணனும் தப்பவில்லை. அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்ததால் அவர் பெயர் பெரியவர். தம்பி மட்டும் எந்தப் பட்டமும் இல்லாமல் தப்பித்தவன். பட்டம் வைக்கிறவனுக்கு யார் வைப்பது?

போன வாரம் பெரியவர் சாப்பாட்டு மேசையில் சொன்ன வார்த்தைதான் இப்போது எல்லோர் நெஞ்சிலும் முள்ளாக நின்றது.

“என் தாய் இறால்லதான் நோய்னு கிருமி ஆராய்ச்சி பண்ணிச் சொல்லட்டும். தொட்டியில நானே பிளீச்சிங் பவுடரைக் கொட்டிடறேன். இன்னொருத்தன் குளத்துக்கு என் குஞ்சு நோயைக் கொண்டுபோக வேண்டாம்.”

அந்தத் தாய் இறால்கள் அவர் கடையில் வாங்கியவை அல்ல. நல்லதைப் பொறுக்கி, அதன் குஞ்சை வளர்த்து, அதிலும் நல்லதைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக அவரே உருவாக்கிய வம்சம். போனால் போனதுதான். பேச்சுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மறக்கிற ஆளும் அல்ல அவர். அன்றைக்கு அண்ணி பரிமாறிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

இன்று அந்த முடிவு தெரிகிற நாள்.

கிருமிக்கு அந்த வாரமே சரியில்லை. முதல் முறை டி.என்.ஏ.வை ஓட்டிப் பார்த்த ஜெல்லில் கோடுகள் எல்லாம் வளைந்து பல்லிளித்தன. இரண்டாவது முறை பாதியில் மின்சாரம் போயிற்று. எரிச்சலில் சக ஊழியர்களிடம் கூடப் பேசாமல் மூன்றாவது ஜெல்லை ஊற்றி உட்கார்ந்திருந்தாள்.

அவள் தேடியது விப்ரியோ என்கிற பாக்டீரியாவை. ஆனால் விப்ரியோ இல்லாத கடல் தண்ணீர் ஏது? குளத்திலும் விப்ரியோ, தொட்டியிலும் விப்ரியோ என்று சொல்வது, திருடன் ஒரு மனிதன் என்று சொல்வதைப் போலத்தான். அதை வைத்து யாரைப் பிடிப்பது? அதனால்தான் மரபணு ரேகை. ஒவ்வொரு இடத்துக் கிருமியையும் தனியே வளர்த்து, அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து, துண்டு துண்டாகப் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டால் படிக்கட்டு மாதிரி கோடுகள் வரும். இரண்டு இடத்துக் கோடுகளும் அடிபிசகாமல் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே வகை. அங்கேயிருந்து இங்கே வந்திருக்க வேண்டும், அல்லது இங்கேயிருந்து அங்கே.

ஜெல்லுக்கு அடியில் இருந்த விளக்கைப் போட்டாள். இந்த முறை ஜெல் ஏமாற்றவில்லை.

தம்பியின் குளங்களில் செத்த இறாலிலிருந்து எடுத்தவை எல்லாம் ஒரே வரிசை. அவற்றை ஒட்டி, கடைசி வரிசையும் அதேதான். ஒரு கோடு கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

கடைசி வரிசைக்கான குப்பியில் தம்பியின் கோழிக் கிறுக்கலில் ‘பெ.தொ.’ என்று எழுதியிருந்தது.

பெரியவர் தொட்டி.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணனுக்கு எப்படிச் சொல்வது? நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தொட்டியாவது தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்த அதே நேரத்தில் தம்பியின் போன் வந்தது. காலையிலிருந்து அவன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, வந்துச்சா?”

“சாயங்காலம் வீட்டுக்கு வரேன். எல்லாரும் இருக்கும்போது சொல்றேன்.”

“அப்ப வந்துடுச்சு! சொல்லுக்கா. என் தூக்கம் போய் எத்தனை நாளாச்சு தெரியுமா?”

“பொறுமையா இரேன்டா.”

“மூணு குளமும் போயி உக்காந்திருக்கேன், பொறுமையா இருன்னு சொல்ற. பெரியவருதும் என்னுதும் ஒண்ணா இல்லையா? அது மட்டும் சொல்லு.”

அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தாலே பதில் என்று அவனுக்குத் தெரியாதா?

“ஒண்ணுதான்,” என்றாள் கடைசியில். “அதே ரேகை. ஆனா நீ யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. நான் வந்து பக்குவமா...”

போன் வைக்கப்பட்டுவிட்டது. ‘பக்குவம்’ என்கிற சொல்லை அவன் கேட்டானோ இல்லையோ.

மதிய உணவு இடைவேளையில் மாதிரிகள் வாங்கும் கவுன்டர்க்காரர் கையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டியோடு வந்தார். கேள்வி கேட்காமல் எதையும் நகர்த்தாத மனிதர்.

“மேடம், ஒரு சந்தேகம். இந்தப் பெட்டி பொதுப் பரிசோதனை வரிசையில குளிர்பெட்டிக்குள்ள கெடக்கு. மேல ‘கிருமிக்கு’ன்னு மட்டும் எழுதியிருக்கு. எந்தக் கிருமிக்குன்னு போடலை. நாங்க எதைன்னு தேடறது?”

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

“அனுப்பினவர் பேரு?”

“அதுல ஒரு கூத்து மேடம். ‘அண்ணன்’னு போட்டிருக்கு. யாரோட அண்ணன்? ஊர்ல எல்லாருக்கும் ஒரு அண்ணன் இருக்கத்தான் செய்யறாங்க.”

பக்கத்து மேசைப் பெண் சிரித்தாள். கிருமி சிரிக்கவில்லை. பெட்டியைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள். மூடியின் மேல் குண்டு குண்டாக, வாய்ப்பாடு எழுதுகிற சிறுவனின் அக்கறையோடு எழுதிய எழுத்து. கிருமிக்கு. உள்ளே ஒரு குப்பி. அதன் மேல் அதே எழுத்தில், சுருக்காமல், முழுசாக: தாய் இறால் தொட்டி.

“இது எப்ப வந்தது?”

“போன வாரமே வந்துடுச்சு மேடம். ஒருத்தர் வந்து முறைப்படி கவுன்டர்ல குடுத்துட்டுப் போனார். உள்ள போய்ப் பாருங்கன்னு சொன்னேன். வேண்டாம், அவளுக்கு வேலை இருக்கும்னுட்டார்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் மாதிரியை அனுப்பிவிட்டேன் என்று சொன்னது உண்மைதான். தம்பி தன் ஐஸ் பெட்டியை அவள் சாப்பாட்டுப் பையோடு சேர்த்துக் கொடுத்தனுப்பினான். அண்ணன் கொடுத்ததும் அதற்குள்தான் இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் ஒரு விதி உண்டு. எந்த மாதிரி வந்தாலும் முதலில் கவுன்டரில் எண் போட வேண்டும். யார் அனுப்பினார், எங்கேயிருந்து, எல்லாம் கேட்டு எழுதிய பிறகுதான் உள்ளே வரும். துறைத் தலைவி இதை மந்திரம் போலச் சொல்வாள். நம் வீட்டு விஷயம்தானே, எண் எதற்கு என்று அந்தப் படியைத் தாண்டிக் குதித்தவள் கிருமி. ஒழுங்காகப் படியேறி வந்தவர் அண்ணன். குதித்தவளின் வேலை முடிந்துவிட்டது. படியேறியவரின் பெட்டி ‘எந்தக் கிருமிக்கு’ என்கிற கேள்வியோடு குளிர்ந்துகொண்டிருந்தது!

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது? அந்தப் பெயரை வைத்தவன் மேலா, அதையே விலாசமாக எழுதியவர் மேலா, அதற்குக் காது கொடுத்த தன் மேலா?

தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், உன் பெட்டியில ‘பெ.தொ.’ன்னு ஒண்ணு எழுதியிருந்தியே, அது என்ன?”

“பெரிய தொட்டி. ஏன்?”

“எந்தப் பெரிய தொட்டி?”

“நம்ம பண்ணையில எத்தனை பெரிய தொட்டி இருக்கு? கடல் தண்ணிய ஏத்தி நிறுத்தி வெப்போமே, மேட்டுல, அதான். நீதானே எல்லா இடத்துலயும் எடுத்துக் குடுன்னு சொன்ன?”

மேட்டுத் தொட்டியிலிருந்துதான் குளங்களுக்குத் தண்ணீர் இறங்குகிறது. குளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. குஞ்சுகள் அந்தத் தொட்டிப் பக்கமே போவதில்லை. குளத்தில் இருந்த அதே கிருமி அங்கே இருக்கிறது என்றால் அது அண்ணனின் குஞ்சோடு வந்ததே அல்ல. தம்பியின் தண்ணீரோடு வந்தது.

“ஏன்க்கா, என்ன ஆச்சு?”

“நீ பெரியவர்கிட்ட ஏதாவது சொன்னியா?”

“சொல்லாம? அப்பவே சொல்லிட்டேன். ஒரு வார்த்தை பேசலையே அவரு. சரின்னு வெச்சுட்டாரு.”

சரி என்று வைத்துவிட்டார். தம்பிக்கு எதையும் விளக்காமல் போனை அணைத்துவிட்டு, அண்ணனின் எண்ணை அழுத்திக்கொண்டே ஸ்கூட்டருக்கு ஓடினாள்.

அண்ணன் எடுக்கவில்லை. அண்ணியின் போன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. அண்ணனின் குஞ்சுப் பொரிப்பகத்தின் அலுவலக எண் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கடலோரத்துக்குத் திரும்புகிற சாலையில் ரயில்வே கேட் வேறு கண்ணெதிரே இறங்கியது. தரித்திரம் பிடித்த கேட், வேறு நேரமே கிடைக்கவில்லையா உனக்கு? முன்னால் நின்ற லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிச் சோம்பல் முறித்தார். அவளுக்கு அவரை அடித்தால் தேவலை போலிருந்தது.

கேட்டில் நின்றபடியே மறுபடி அண்ணிக்கு அடித்தாள். இந்த முறை எடுத்தாள்.

“அண்ணி, அண்ணன் எங்க?”

“தொட்டி ரூம்ல. மூட்டையைப் பிரிச்சுக்கிட்டு இருக்காரு. நான் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. உங்க குடும்பத்துக்கே பிடிவாதம் தவிர வேற ஒண்ணும் தெரியாது!”

“நிறுத்தச் சொல்லுங்க அண்ணி! அவர் தொட்டி இல்ல! நான் தப்பா...”

“என்ன? சரியாக் கேக்கலை, காத்து மெஷின் ஓடுது. இரு, அவர்கிட்டயே குடுக்கறேன்.”

தொட்டிகளுக்குக் காற்று ஊதும் இயந்திரத்தின் இரைச்சல் போனில் பெரிதாகியது. இந்தப் பக்கம் ரயில் வந்துவிட்டது.

“அண்ணா! போடாதீங்க அண்ணா! நான் தப்புப் பண்ணிட்டேன், அது உங்க...”

அழுகையும் ரயிலும் சேர்ந்து அவள் குரலை அடித்துக்கொண்டு போயின. அவர் காதில் எட்டியது ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்கிற விம்மல் மட்டும்தான் போலும்.

“நீ என்னம்மா தப்புப் பண்ணின? இருக்கறதைத்தானே சொன்ன?” என்றார் அவர். எப்போதும் இல்லாத மென்மை அந்தக் குரலில். “அழாதே. உன் மேல எனக்குக் கோவமே இல்ல. வண்டியை ஓட்டிக்கிட்டுப் பேசாதே.”

வைத்துவிட்டார்.

அதற்கு மேல் அவர் எடுக்கவில்லை. அண்ணியின் போனும் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

பொரிப்பகத்தின் வாசலிலேயே நெடி மூக்கில் ஏறியது. நீச்சல் குளத்தை நூறு மடங்காக்கியது போன்ற நெடி. கிருமி செருப்பைக் கழற்றக் கூட நிற்காமல் உள்ளே ஓடினாள். அவளை அப்படி ஓட அந்த அறை இதுவரை அனுமதித்ததில்லை. காலைக் கழுவு, கையைக் கழுவு, தலையை மூடு என்று நூறு சொல்வார் பெரியவர். இன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வட்டத் தொட்டியில் தண்ணீர் வெண்மையாகக் கலங்கிக் கிடந்தது. அடியில் தாய் இறால்கள் சாய்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் ஓரத்தில் காலை அசைத்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது.

பெரியவர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். கைகளில் வெள்ளைத் தூள். அண்ணி சுவரோரம் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் சொன்னேனே, அழாதேன்னு.”

“அண்ணா, நான் உங்க தொட்டியைப் பாக்கவே இல்ல.”

அவர் நிமிர்ந்தார்.

மூச்சு வாங்கச் சொன்னாள். குப்பியில் இருந்த இரண்டு எழுத்தை, அதைத் தான் படித்த விதத்தை, கவுன்டரில் குளிர்ந்துகொண்டிருந்த பெட்டியை, அதன் மேல் எழுதியிருந்த பெயரை. எதையும் மழுப்பவில்லை. மழுப்பினால் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரியவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அப்ப இதுங்களுக்கு ஒண்ணும் இல்லையா?”

“தெரியாது அண்ணா.” அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் விடக் கசந்தது. “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்னும் பாக்கவே இல்ல. ஆனா தம்பி குளத்துல செத்தது அவன் மேட்டுத் தொட்டித் தண்ணியாலதான். அது நிச்சயம்.”

“பாக்காமலே...” என்று ஆரம்பித்த அண்ணி முடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனாரைத் திட்ட அவளுக்கு உரிமை இருந்தது, காரணமும் இருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் கிருமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அவனுக்குத் தெரியுமா?” என்றார் பெரியவர்.

“பெ.தொ.ன்னா என்னன்னு மட்டும் கேட்டேன். எதுக்குன்னு சொல்லலை.”

“சொல்லாதே.”

“அண்ணா!”

“இருக்கறதெல்லாம் போயி நிக்கறான். தன் தண்ணியாலதான் போச்சு, அண்ணன் தொட்டியும் தன் வாயாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அவன் மனுஷனா இருக்கமாட்டான். என்னை நாலு திட்டுத் திட்டிட்டாவது நிம்மதியா இருக்கட்டும்.”

“உங்க தம்பி நிம்மதியா இருக்கணும், நாம திட்டு வாங்கணுமா?” அண்ணி பொங்கிவிட்டாள். “நல்ல நியாயங்க! ஊர் முழுக்க ‘பெரியவர் குஞ்சுல நோய்’னு பேசுவாங்க. இனிமே நம்மகிட்ட யார் வாங்குவா? கிருமி, நீ சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன், பாத்துக்கோ!”

“நீ சும்மா இரு.”

“சும்மா இருந்துதான் இந்த லட்சணத்துல நிக்கறோம்.”

கிருமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு தப்பைச் செய்தாயிற்று. இனி சொன்னால் தம்பி உடைந்துபோவான், சொல்லாவிட்டால் இவர்களுக்குத் துரோகம். எந்தப் பக்கம் போனாலும் சுவர். சரி, சொல்லத்தான் வேண்டும், ஆனால் இன்றைக்கே சொல்ல வேண்டுமா என்று அவள் யோசிக்கும்போது வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

தம்பி உள்ளே வந்தான். காலையில் போனில் கொதித்தவனா இவன் என்று தோன்றியது. தலையைக் குனிந்தபடி, தரையைப் பார்த்தே பேசினான்.

“அண்ணே, கோவத்துல போன்ல கொட்டிட்டேன். மனசு கேக்கலை. நோய் யார் கையிலயும் இல்ல. நீ பாட்டுக்கு அன்னைக்குச் சொன்ன மாதிரி தொட்டியில மருந்து கிருந்து...”

நெடி அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைத் தூக்கினான். தொட்டியைப் பார்த்தான். அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

“ஐயோ அண்ணே! அவசரப்பட்டுட்டியே!”

அவசரப்பட்டது யார் என்று சொல்ல அண்ணிக்கு உதடு துடித்தது. பெரியவர் கண்ணாலேயே அவளை அடக்கினார். எழுந்து வந்து தம்பியின் தோளில் கை வைத்தார். வெள்ளைத் தூள் அவன் சட்டையில் அப்பியது.

“விடுடா. வம்சம் போனா என்ன, மறுபடி பொறுக்கி எடுக்கலாம். நீ உன் குளத்தைப் பாரு.”

“பாக்கத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அண்ணனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்கிற தவிப்பு அவன் குரலில் தெரிந்தது. “குளமெல்லாம் காயப்போட்டுச் சுத்தம் பண்ணியாச்சு. வேற இடத்துல கடனுக்குக் குஞ்சு சொல்லியிருக்கேன், நாளைக்கு வந்துடும். நோய் குஞ்சுலதான்னு தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எனக்கென்ன பயம்? இப்பதான் பெரிய தொட்டியைத் திறந்துவிட்டுட்டு வரேன். தண்ணி குளத்துக்கு இறங்கிக்கிட்டு இருக்கு.”

கிருமி அண்ணனைப் பார்த்தாள். அவர் முகத்தில் இதுவரை இருந்த பெரியமனிதத்தனம் ஒரு நொடியில் வடிந்துபோனதைப் பார்த்தாள்.

“நிறுத்து,” என்றார் பெரியவர்.

“என்னது?”

“தண்ணியை. இப்பவே போன் பண்ணி மூடச் சொல்லு.”

“ஏன்?” என்றான் தம்பி.

கேட்டது அண்ணனை. ஆனால் அண்ணன் கிருமியின் பக்கம் திரும்பினார்.